உப்புக் காற்றில் இறுகிய புரி

கல்முனைக் கராஜ்களில் புதுச் சாமானைப் பூட்டுவதற்கு நேரம் போவதில்லை; பழையதைக் கழற்றத்தான் போகிறது. மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியோரமாக எந்தக் கராஜில் விசாரித்தாலும் இதையே சொல்வார்கள். அதுவும் காருக்கு அடியில், சைலன்சரை ஒட்டிய ஒரு நட்டு அல்லது சென்சர் என்றால், கையைத் துடைத்துக்கொண்டு "விட்டுட்டுப் போங்க சேர், நாளைக்குப் பார்ப்பம்" என்பார்கள். மலைநாட்டில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை இங்கே மறுநாளுக்குப் போவது வேலைக்காரரின் சோம்பலால் இல்லை. கடல் அவருக்கு முன்பே அந்தப் புரிக்குள் வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது.

பதினைந்து, இருபது வருடம் ஓடிய காரின் புகைக்குழாயிலிருந்து ஒட்சிசன் சென்சரைக் கழற்றும் வேலையைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். இதை ஏன் ஒரு அறிவியல் நூலில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்தச் சென்சர் எந்த விதியால் வேலை செய்கிறதோ, அதே விதியின் இன்னொரு முகம்தான் அதைக் குழாயோடு இறுக்கி வைக்கிறது. ஒரே இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குள், இரண்டையும் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

முதலில் சாமானைப் பார்ப்போம். பார்வைக்கு ஸ்பார்க் பிளக் போல இருக்கும். 22 மில்லிமீற்றர் அறுகோணத் தலை. அதன் கீழே பெரும்பாலான கார்களில் 18 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளியும் உள்ள புரி. நுனியில் துளைகள் கொண்ட ஒரு சிறு உலோகக் கூடு. மறுபக்கம் நான்கு வயர். ஸ்பார்க் பிளக் போல இருப்பது தற்செயல் இல்லை. பழைய எஞ்சின்களில் இருந்த பெரிய ஸ்பார்க் பிளக்கின் புரியும் இதே 18க்கு 1.5தான். முதலில் இதைச் செய்து விற்ற ஜேர்மனியின் பொஷ் கம்பனி, ஸ்பார்க் பிளக் செய்வதில் நெடுங்காலம் கைதேர்ந்திருந்தது. சில டொயோட்டா எஞ்சின்களில் மட்டும் புரிக்குப் பதிலாக இரண்டு நட்டுகளால் பிடிக்கும் விளிம்பு வரும். அந்த நட்டுகளுக்கும் இங்கே அதே கதிதான்.

கூட்டுக்குள் இருப்பது தையற்காரரின் விரலுறை அளவான ஒரு வெள்ளைப் பீங்கான் குப்பி. பொருள் சிர்க்கோனியம் ஈரொட்சைட்டு. அதில் கொஞ்சம் இற்றியம் கலந்திருக்கும். சிர்க்கோனியத்தின் இடத்தில் இற்றியம் உட்காரும்போது பளிங்கினுள் ஒட்சிசன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகிவிடும். சூடேறினால் ஒட்சிசன் அயன்கள் அந்தக் காலி இடங்களில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தாவி, திண்மத்தின் ஊடாகவே நகரத் தொடங்கும். குளிர்ந்திருக்கையில் அது வெறும் பீங்கான். சுமார் 300 பாகை செல்சியசைத் தாண்டினால் அயன் கடத்தி.

குப்பியின் உட்பக்கம் வெளிக் காற்று, வெளிப்பக்கம் எஞ்சின் புகை. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம்; புகையில் மிகக் குறைவு. அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஒட்சிசன் அயன்கள் போக முயலும். அந்த முயற்சி ஒரு மின்னழுத்தமாகத் தெரியும். எவ்வளவு என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை வால்தர் நேர்ன்ஸ்ட் 1889இல், இருபத்தைந்து வயதில் எழுதினார். பிறகு 1897இல் இதே சிர்க்கோனியா - இற்றியாக் கலவையில் ஒரு மின்விளக்கும் செய்தார். அந்த விளக்கின் பீங்கான் கோலை முதலில் சூடாக்கினால்தான் மின்சாரம் பாயும். இன்றைய சென்சரில் நான்கு வயரில் இரண்டு, அந்தப் பீங்கானைச் சூடாக்கும் ஹீற்றருக்குப் போவதும் அதே காரணத்தால்தான். நேர்ன்ஸ்ட் கார்ப் பிரியர். 1920ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு பெற்றவர். தன் சமன்பாடும் தன் விளக்கின் பீங்கானும் ஒருநாள் காரின் புகைக்குழாயில் ஒன்றுசேரும் என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1941இல் காலமானார். பொஷ் செய்த சென்சருடன் வொல்வோ கார்கள் கலிபோர்னியாவில் இறங்கியது 1976இல்.

சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். பீங்கான் 700 பாகையில் இருந்தால், இரு பக்க ஒட்சிசனின் விகிதம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் 48 மில்லிவோல்ட் சேரும். எஞ்சினுக்குப் பெற்றோல் குறைவாகப் போய்ப் புகையில் ஒரு சதவீத ஒட்சிசன் மிஞ்சினால் கிடைப்பது 0.06 வோல்ட் மட்டும். பெற்றோல் சற்றே கூடிப் போனால் மிஞ்சிய ஒட்சிசனையெல்லாம் பிளாட்டினத்தின் மேல் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் பிடித்துக்கொண்டுவிடும். ஒட்சிசனின் அளவு, ஒன்றுக்குப் பின் இருபது பூச்சியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு என்ற மாதிரி இல்லாமலே போய்விடும். அப்போது 0.9 வோல்ட். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஒரேயடியாகத் தாவும். தாவும் இடம், ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம். எஞ்சினின் கணினி 0.45 வோல்ட்டை எல்லையாக வைத்துக்கொண்டு, மேலே போனால் பெற்றோலைக் குறைக்கும், கீழே போனால் கூட்டும். ஓடும் காரில் இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும்.

சென்சர் கிழடானால் இந்தத் தாவல் மந்தமாகும். ஹீற்றர் எரிந்து போனால், குறுகிய ஓட்டங்களில் அது விழித்தெழவே நேரம் எடுக்கும். அதுவரை கணினி குருட்டுத்தனமாகப் பெற்றோல் ஊற்றும். சில பழைய கார்களுக்கு இந்தத் தீவிலேயே இன்னொரு கேடும் நடந்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்பனையில் இருந்தது. ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதை மூடிவிடும். மூடிய பிளாட்டினத்துக்கு ஒட்சிசன் தெரியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்தான் கார். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. பத்துக் கிலோமீற்றர் ஓட வேண்டிய லீற்றரில் எட்டுத்தான் ஓடுகிறது என்றால் அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் வைத்தியசாலைப் பயணம். 2008இலிருந்து நடக்கும் புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆகவே இந்தச் சின்னப் பீங்கானை மாற்றுவது அலங்கார வேலை இல்லை. கிடைத்த காரை வைத்துக் குறைந்த செலவில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூச்சில் நஞ்சு கலக்காமல் ஓட்டுவதற்கான வேலை.

இனிக் கடலுக்கு வருவோம்.

கல்முனைக் கரையோர ஊர்கள் ஒரு மெல்லிய கீற்று. கிழக்கே நடந்து போகும் தூரத்தில் கடல், மேற்கே வயல். கரையில் அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழ்கள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழின் தோலும் கிழிந்து நுண்துளிகளாகப் பறக்கிறது. குமிழ் இருந்த குழியின் அடியிலிருந்தும் ஒரு சிறு நீர்த்தாரை மேலே எழுந்து துளிகளாக உடைகிறது. பெரிய துளிகள் கரையிலேயே விழுந்துவிடும். சிறியவை காற்றோடு வீதிக்கு வரும். கரையிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளிப் போனாலே உப்புப் படிவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது உலகெங்கும் அரிப்பை ஆராய்கிறவர்கள் கண்ட விடயம். ஆனால் இந்த ஊர்களில் அந்தச் சில நூறு மீற்றருக்குள்தான் பாதி ஊர் வாழ்கிறது, காரும் அங்கேதான் நிற்கிறது. மாரியில் வாடைக்காற்று நேரே கடலிலிருந்து அடிக்கும். 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. அன்று உப்பு நீரில் மூழ்கிய வாகனங்களில் பிறகு எந்தப் பூட்டும் ஒழுங்காகக் கழன்றதில்லை என்பதைப் பழைய வேலைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

கடலுப்பு வெறும் சோடியம் குளோரைட்டு என்றால் தப்பித்திருக்கலாம். சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதம் ஆனால்தான் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். கச்சான் காற்றில் உதடு வெடிக்கும் மத்தியானத்திலும் அது ஈரமாகவே இருக்கும். இரவில் இந்தக் கரையில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதாவது, கடலோரக் காரின் அடிப்பாகத்தில் ஒட்டிய உப்பு கிட்டத்தட்ட எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம்.

இந்தப் படலம் சென்சரின் புரிக்குள் இறங்குகிறது. வாயிலில் காற்றுப் படும். அங்கே ஒட்சிசன் தாராளம். உள்ளே, புரியின் அடியில், இருந்த ஒட்சிசன் செலவானதும் புதிதாக வர வழியில்லை. ஒரே உலோகம், ஒரே உப்பு நீர், ஆனால் ஒரு முனையில் ஒட்சிசன் அதிகம், மறுமுனையில் குறைவு. இரண்டுக்கும் இடையில் ஒரு மின்கலம் உருவாகிறது. ஒட்சிசன் குறைந்த உட்பகுதியில் இரும்பு கரையும். ஒட்சிசன் நிறைந்த வாயிற்பகுதி அந்த இலத்திரன்களை வாங்கிக்கொள்ளும். குளோரைட்டு அயன்கள் உள்ளே இழுபட்டுச் சேர்ந்து, அங்குள்ள நீரை அமிலமாக்கிக் கரைவை இன்னும் விரைவுபடுத்தும். கேம்பிரிட்ஜின் யு. ஆர். எவன்ஸ் ஓர் உப்புத் துளியை இரும்புத் தகட்டில் வைத்து இதைக் கண்முன் காட்டினார்: காற்று நன்றாகப் படும் ஓரம் தப்பும், காற்றுப் படாத நடுப்பகுதி கரையும், துரு இரண்டுக்கும் இடையில் வளையமாக விழும்.

பீங்கானுக்குள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் இரு பக்கமும் ஒட்சிசன் வேறுபாடு, அதனால் ஒரு மின்னழுத்தம். உள்ளே அது நமக்குச் செய்தி சொல்கிறது. அரை அங்குலம் தள்ளிப் புரிக்குள் அதே வேறுபாடு இரும்பைத் தின்கிறது. எனக்கு இதைவிட அழகான மின்னிரசாயனப் பாடம் தெரியாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் உப்புப் பாலமும் முகவையும் வைத்துக் காட்டுவதை ஒரு பழைய காரின் அடியில் படுத்துக் காட்டலாம்.

கரைந்த இரும்பு துருவாகத் திரும்பி வரும்போது, இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். நீர் சேர்ந்த துரு இன்னும் அதிகம். புரிக்குப் புரி இடையில் அந்த இடம் எங்கே இருக்கிறது? துரு தன்னைத் தானே நெருக்கி, ஆப்பு அடித்தது போல நிற்கும். உள்ளிருந்தும் நீர் வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் பிறக்கும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிவாசல், அங்கிருந்து சந்தை, திரும்ப வீடு என்று ஊருக்குள்ளேயே ஓடும் காரின் சைலன்சரில் அது தேங்கும். பிறகு வெப்பம்: பகலில் பல நூறு பாகை, இரவில் முப்பதுக்குக் கீழ். ஒவ்வொரு சூடும் உப்பைச் செறிவாக்கும், ஒவ்வொரு இரவும் அதை மறுபடி நனைக்கும்.

கழற்றத் தொடங்குமுன் ஒரு சோதனை வேண்டும். துரு சைலன்சரிலும் ஓட்டை போட்டிருக்கலாம். சென்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக் காற்று உள்ளே இழுபடும். சென்சர் அந்த ஒட்சிசனைப் பார்த்துவிட்டு "பெற்றோல் காணாது" என்று சொல்லும். கணினி இன்னும் ஊற்றும். சென்சர் உண்மையைத்தான் சொன்னது, குற்றம் குழாயில். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊதல் தெரியும். திறந்த வெளியில் மட்டும் இதைச் செய்யவேண்டும். மூடிய கராஜில் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

கல்முனையில் ஒரு கராஜில் பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்றில் இந்த வேலை நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கார் ஓர் ஆசிரியருடையது. வேலை கற்கும் பொடியன் வந்தவுடனே ஸ்பெனரைப் போட்டு இழுக்கப் பார்த்தான். பெரியவர் கையைப் பிடித்தார்.

"இதப் பலத்தால எடுக்க ஏலா தம்பி. முதல்ல எண்ணெயக் குடிக்க விடு."

"எவ்வளவு நேரம் காக்கா?"

"ராவைக்குக் கிடக்கட்டும்."

அந்த இராத் தங்கலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒடுங்கிய இடுக்கில் எண்ணெய் ஏறுவது மயிர்த்துளைத்தன்மையால். எண்ணெயின் பரப்பிழுவை அதை உள்ளே இழுக்கும், அதன் பிசுக்குமை பின்னால் பிடிக்கும். உள்ளே போகப் போக, பின்னால் பிடிக்கும் எண்ணெயின் நீளமும் கூடுவதால் வேகம் குறையும். இறங்கிய ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் போலத்தான் வளரும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு மில்லிமீற்றர் என்றால், மூன்று மில்லிமீற்றருக்கு ஒன்பது மணித்தியாலம். அவசரக்காரருக்கு இந்தச் சமன்பாடு இடம் கொடுக்காது. எஞ்சின் எண்ணெய் தடித்தது, ஆகவே வேலைக்கு ஆகாது. மெல்லிய ஊடுருவும் எண்ணெயே பயன். டபிள்யூடி-40 கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெய் விட்டார்கள். அதுவும் மெல்லியதுதான். ஆனால் மண்ணெண்ணெய் 220 பாகையை அண்டிய சூட்டில் பொறியே இல்லாமல் தீப்பிடிக்கும்; ஓடிய காரின் புகைக்குழாய் அதைவிடச் சுடும். எண்ணெய் விடுவது குழாய் ஆறிய பிறகே.

மறுநாள் காலை எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினார்கள், குழாய் கை வைக்க முடியாத அளவுக்கு அல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும் வரை. சூடாகும்போது இடுக்கில் அடைபட்ட காற்று விரிந்து வெளியே குமிழ் விட்டது. ஆறும்போது சுருங்கி, வாயிலில் நின்ற எண்ணெயை உள்ளே உறிஞ்சியது. அதனால்தான் அவர் ஆற ஆற மறுபடி எண்ணெய் விட்டார்.

அடுத்தது வயர். பொடியன் வயரை ஒதுக்கி, பக்கத்தில் வெட்டு விட்ட சென்சர் சொக்கட்டைப் போடப் பார்த்தான். பெரியவர் கட்டரை எடுத்துக் கொடுத்தார். "வெட்டு. பழசுதானே." வயர் போனதும் முழு வளையமுள்ள 22 ரிங் ஸ்பெனர் மேலிருந்து இறங்கியது. பக்கத்தில் வெட்டு விட்ட குழாய், வெட்டில்லாத குழாயைவிட முறுக்குக்குப் பல மடங்கு இளகிக் கொடுக்கும். வெட்டு விட்ட சொக்கட் பாரம் ஏறியதும் வாய் திறந்து அறுகோணத்தின் மூலைகளை உருட்டிவிடும். மூலை உருண்ட சென்சருக்குப் பிறகு வெல்டிங்தான் வழி.

புதிய சென்சரை இறுக்குவதற்குச் சுமார் 45 நியூட்டன் மீற்றர் விசைத் திருப்பம் போதும். 30 சென்ரிமீற்றர் ஸ்பெனரின் நுனியில் 15 கிலோ பாரம். துரு இறுக்கியதற்குப் பல மடங்கு கேட்கும். ஆகவே பொடியன் ஸ்பெனருக்கு ஒரு மீற்றர் பைப்பைச் செருகினான். அதில் 30 கிலோவைப் போட்டு இழுத்தால் 300 நியூட்டன் மீற்றர். அது துருவை உடைப்பதற்கு முன்பே, குழாயில் பற்றவைத்த புரி வளையத்தின் வெல்டிங்கைக் கிழிக்கலாம். பெரியவர் பைப்பை எடுத்துப் போட்டுவிட்டு, ஸ்பெனரைப் போட்டபடி அதன் பிடியில் சுத்தியலால் சுருக்கெனத் தட்டினார். துரு நொறுங்கும் தன்மையுள்ளது. அழுத்தத்தைத் தாங்கும், வழுக்கும் விசையையும் அதிர்வையும் தாங்காது. இழுத்துப் பிடிக்கும் பலத்தை உராய்வு முழுவதும் வாங்கி நின்றுவிடும். கணப்பொழுதில் விழும் அடி, உராய்வு சுதாரிக்குமுன் விரிசல் விடும்.

அசையவில்லை. அப்போதுதான் காஸ் டோர்ச்சை எடுத்தார். முதலில் பெற்றோல் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று லைட் அடித்துப் பார்த்தார், ரப்பர் தூசுக்காப்பின் முன் ஒரு தகட்டை நிறுத்தினார். பிறகு சென்சரைச் சுடாமல், அதைச் சுற்றிய வளையத்தை மட்டும் கருஞ்சிவப்பு வரும்வரை சுட்டார். சூடாக்கினால் துளை சுருங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். மாட்டு வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது: சுட்ட பட்டம் அகன்று சில்லின் மேல் இறங்கும், தண்ணீர் ஊற்றினால் சுருங்கிப் பிடிக்கும். வளையம் சென்சரைவிட 400 பாகை கூடச் சூடேறினால் 18 மில்லிமீற்றர் துளை சுமார் 0.09 மில்லிமீற்றர் அகலும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு. புரிக்கு அதுவே தாராளம். ஆனால் நேரம் முக்கியம்: சூடு சென்சருக்குள்ளும் பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரிந்து, கிடைத்த இடைவெளி மறைந்துவிடும். சுட்டவுடனே திருக வேண்டும். டோர்ச்சை அணைத்துவிட்டு ஒரு மெழுகுதிரியைச் சூடான புரியோரத்தில் தொட்டார். மெழுகு உருகிப் புகைந்துகொண்டே உள்ளே இறங்கியது. உருகிய மெழுகு தண்ணீரைப் போல மெல்லியது, அந்தச் சூட்டில் எண்ணெயைப் போல உடனே ஆவியாகிப் போகாது.

ஸ்பெனரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் அழுத்தினார், பிறகு கழற்றும் பக்கம். "டிக்" என்று ஒரு சத்தம், செம்பழுப்புத் தூள் கொஞ்சம் அவர் கையில் விழுந்தது. அரைக்கால் சுற்று வந்தது. பொடியன் தொடர்ந்து சுற்றப் போனான். "இரு, திரும்ப உள்ளுக்கு விடு" என்றார்.

இந்தத் திரும்ப உள்ளே விடுவதைத்தான் பலர் செய்வதில்லை, புரி போவதும் அதனால்தான். சென்சரின் உடல் துருப்பிடிக்காத உருக்கு. அதைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமிய ஒட்சைட்டுத் தோல். பாரத்தோடு வழுக்கும்போது தோல் உரியும். வெற்று உலோகம் வெற்று உலோகத்தோடு சேர்ந்தால், சூடே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கட்டி அடுத்த புரியை உழுது இன்னும் பெரிதாகும். கழற்றக் கழற்ற இறுக்கம் கூடுகிறது என்றால் உள்ளே நடப்பது இதுதான். நிறுத்தி, அரைச் சுற்று உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, தூள் வெளியே வர இடம் கொடுத்துத் திரும்ப வரவேண்டும். அவர்கள் அப்படியே முன்னும் பின்னுமாக வந்து கழற்றினார்கள். கையில் வந்த சென்சரின் புரியில் இரண்டு சுற்று மட்டும் மினுங்கியது, மற்றதெல்லாம் கறுத்த துரு. நுனிக் கூட்டில் வெண்சாம்பல் நிறப் படிவு. ஆசிரியர் அதை வாங்கித் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்டார். நல்ல காரியம்.

குழாயில் மிஞ்சிய புரியைச் சுத்தம் செய்ய 18க்கு 1.5 டாப் ஒன்று வேண்டும். பழைய ஸ்பார்க் பிளக் புரி சரிசெய்யும் கருவி யாரிடமாவது கிடந்தால் அதுவே பொருந்தும். கிரீஸ் தடவிய டாப்பை விட்டால் சீவல் கிரீஸில் ஒட்டி வெளியே வரும். இல்லாவிட்டால் புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டருக்குள் போய்விடும். புரி முழுதும் போயிருந்தால் வளையத்தை வெட்டியெடுத்துப் புதியது பற்றவைப்பார்கள், அது லேத் வேலை தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

புதிய சென்சரின் புரியில் பெரும்பாலும் கம்பனியே செம்பு அல்லது நிக்கல் தூள் கலந்த பசையைத் தடவி அனுப்பும். அது இல்லாவிட்டால் நாம் தடவ வேண்டும், புரியில் மட்டும். உலோகத் தூள் இரண்டு உருக்குக்கும் நடுவில் நின்று அவை ஒட்டுவதைத் தடுக்கும், பசை உப்பு நீருக்கு வழி விடாது. நுனியில் ஒரு துளி பட்டாலும் பிளாட்டினம் மூடிக்கொள்ளும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பூசும் சிலிக்கோன் பசையை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அதன் ஆவி சூட்டில் சிலிக்காவாக மாறிப் பீங்கானின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

வயர் பற்றி ஒரு விடயம் இந்தக் கரைக்கு மிக முக்கியம். பீங்கான் குப்பியின் உள்ளே வெளிக் காற்று இருக்க வேண்டும் என்றேன். பல சென்சர்களில் அந்தக் காற்று வருவது வயரின் உறைக்கும் செம்பு இழைகளுக்கும் இடையிலான இடைவெளி வழியாக, தூரத்தில் உள்ள கனெக்டரிலிருந்து. ஆகவே மலிவான சென்சர் வாங்கி வயரை ஈயம் வைத்து ஒட்டினால் அந்த மூச்சுக் குழாய் அடைபடும். உப்புக்குப் பயந்து கனெக்டருக்குள் கிரீஸை அடைத்தாலும் அதே கதி. உள்ளே வெளிக் காற்றின் ஒட்சிசன் குறைந்தால் இரண்டு பக்கத்து வேறுபாடும் குறையும், நேர்ன்ஸ்டின் சமன்பாடு அப்படியே குறைந்த வோல்ட்டைக் காட்டும், கணினி தேவையில்லாமல் பெற்றோல் ஊற்றும். கனெக்டரைச் சாலை நீர் தெறிக்காத உயரத்தில், கிளிப்பில் ஒழுங்காகக் கட்டிவிடுவதே சரியான காப்பு.

கடைசியாக இறுக்கம். கையால் முழுதும் உள்ளே விட்டு, பிறகு 40 முதல் 50 நியூட்டன் மீற்றர், அதற்கு மேல் வேண்டாம். இந்த ஊர்களில் காருக்கு அடிப்பாகத்தையும் சேர்த்து நல்ல தண்ணீரால் கழுவுகிறவர்கள் குறைவு. மாரியில் வாரம் ஒருமுறை, கார் ஆறிய பிறகு, புகைக்குழாய் பக்கம் ஒரு வாளி தண்ணீர் அடித்துவிட்டால் மக்னீசியம் குளோரைட்டு கரைந்து போய்விடும். வருடம் ஒருமுறை சர்வீஸுக்கு விடும்போது, சென்சரை ஒரு தடவை இளக்கி, பசை தடவி, திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பெற்றோல் விலையோடு ஒப்பிட்டால் அதற்குக் கேட்கும் கூலி பெரிதில்லை.